ஆளோடு வரும் துப்பாக்கி

மதுரையில் ராஜநாயகம் துப்பாக்கிக் கடையில் புதுத் துப்பாக்கி வாங்கினால் அது தனியாக வந்தது, பழைய துப்பாக்கி வாங்கினால் அதனால் செத்த ஆளும் கூடவே வந்தார், அதனால்தான் பழையதற்கு விலை குறைவு என்பது அந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் போய் நின்றவள் நெடியேந்தல் கிழக்குத் தெரு சீனியம்மாள் மட்டும்தான், ஏனென்றால் அவளுடைய தெருவில் அதுவரை யாரும் துப்பாக்கி வாங்கியதில்லை.

அவளுடைய மகன் அருள்வாணனை வெட்டிக் கொன்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. நெடியேந்தல் கண்மாயில் தண்ணீர் வற்றும் மாசி மாதத்தில், மீன் பிடிக்கும் உரிமைக்குக் கோயில் வாசலில் மீன்பாசி ஏலம் நடக்கும், மேலத் தெருக்காரர்கள் கேட்பார்கள், மேலத் தெருக்காரர்களே எடுப்பார்கள், கிழக்குத் தெருக்காரர்கள் வலை இழுக்கக் கூலிக்குப் போவார்கள். அந்த வருடம் வலை இழுக்கும் கூட்டத்தில் நின்றிருந்த அருள்வாணன் கையைத் தூக்கித் தானும் ஏலம் கேட்டான், கேட்டு எடுத்தும் விட்டான். அந்த வாரமே கண்மாய்க் கரையில் மேலத் தெரு வில்வதுரை அவனை அரிவாளால் வெட்டினான். கஞ்சித் தூக்குச்சட்டியோடு பின்னால் வந்துகொண்டிருந்த சீனியம்மாள் அதைப் பார்த்தாள். கரையில் வேறு ஆட்களும் இருந்தார்கள், ஆனால் பார்த்தேன் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். அரிவாள் கிடைக்கவே இல்லை என்று போலீஸ் எழுதியது. வில்வதுரை ஜாமீனில் வந்து பழையபடி புரோட்டாக் கடையில் உட்கார்ந்தான், ராத்திரியானால் சீனியம்மாள் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது, வழக்கை நடத்திய வக்கீல் அம்மா சட்டத்தில் இடம் இருக்கிறது என்று கலெக்டருக்கு மனுப்போட்டு, அலையாய் அலைந்து, சாட்சியின் உயிருக்குப் பாதுகாப்பு என்று ஒரு கைத்துப்பாக்கிக்கு உரிமம் வாங்கித் தந்தார்.

உரிமத்தில் பாதுகாப்பு என்றுதான் இருந்தது. சீனியம்மாளுக்குப் பாதுகாத்துக்கொள்ள ஒன்றும் மிச்சம் இல்லை. அவளுக்கு வில்வதுரையைச் சுட வேண்டும். அதை அவள் வக்கீல் அம்மாவிடம் சொல்லவில்லை, கொழுந்தன் பெண்டாட்டி ராக்குவிடமும் சொல்லவில்லை, சாமியிடம் மட்டும் ஒரு தடவை சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

ராஜநாயகம் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்று ரிவால்வர்களை எடுத்துப் பச்சைத் துணியில் வரிசையாக வைத்தார். அவர் வைக்க வைக்க, பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் எழுந்து வந்து அவரவர் துப்பாக்கிக்கு நேராக நின்றார்கள்.

"இவுங்கள்லாம் யாரு முதலாளி?"

"கூட வர்றவங்கம்மா. புதுசுன்னா தனியா வரும். பழசு ஆளோட வரும். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்றவர் முதல் ரிவால்வரைத் தொட்டார். "இது நல்ல சாமான், ஆனா அண்ணன் தம்பி ரெண்டு பேரு. வீடு பெருசா?"

"ஒத்த அறை."

"அப்ப ஒத்து வராது. இந்தா, இதைப் பாருங்க. இந்தப் பொண்ணு கல்யாணச் சேலையோட இருக்கு. பொம்பளைக்குப் பொம்பளை துணையா இருக்கும்னு நானும் ரெண்டு மூணு பேருகிட்டச் சொல்லிப் பார்த்துட்டேன். அழுகையை நிறுத்த மாட்டேங்குது. சத்தம் வராது, கண்ணீர் மட்டுந்தான். வாங்கிட்டுப் போறவங்க ஒரு மாசத்துல திருப்பிக் கொண்டாந்துர்றாங்க."

மூன்றாவது ரிவால்வருக்குப் பின்னால் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, அதில் இடது பக்கம் ஒரு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் காய்ந்த கறை. அவர் யாரையும் பார்க்காமல் மேசைமேல் கிடந்த பச்சைத் துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"மலை எஸ்டேட் பங்களாவுல துணி தேய்ச்சுக்கிட்டு இருந்தவரு. பங்களாக்காரர் சிநேகிதங்களுக்குத் துப்பாக்கியக் காட்டுறேன்னு எடுத்திருக்காரு, வெடிச்சிருச்சு. கேஸ் ஒண்ணும் ஆகல. பேசமாட்டாங்க, சாப்பிடமாட்டாங்க, கை என்ன பழகிச்சோ அதைச் செஞ்சுக்கிட்டு இருப்பாங்க. இவரால ஒரு தொந்தரவும் இருக்காது. ஆயுதம் எங்கயோ ஆளு அங்க, அம்புட்டுத்தான்."

சீனியம்மாள் ரிவால்வரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி தூக்கினாள், அது கருங்கல்லைப் போல் கனத்தது.

"நான் ஒருத்தனைச் சுட்டேன்னு வைங்க. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்."

"அவனும் இவரோட சேர்ந்து உங்க வீட்டுக்கு வந்துருவான். உங்க காலம் முடியிற வரைக்கும் உங்க கூடத்தான் இருப்பான். அதனால யோசிச்சுச் சுடுங்கம்மா," என்றார் ராஜநாயகம், வாங்குகிற எல்லோரிடமும் சொல்கிற குரலில், வாங்குகிற எல்லோரையும்போல் சீனியம்மாளும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் சட்டை ஓட்டையைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கியோட வந்தவரா? லக்கேஜும் போட முடியாது, ஆள் டிக்கெட்டும் போட முடியாது, ஓரமா நிக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் மடியில் கிடந்த துண்டை அந்த மனிதர் எடுத்து நான்காக மடித்துத் திரும்ப வைத்ததைப் பார்த்து, "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, உயிரோட, கட்டுன வேட்டியக்கூட மடிக்காது," என்றாள்.

கிழக்குத் தெரு அவரை ஏற்றுக்கொண்டது. முதல் நாள் எல்லோரும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள், இரண்டாம் நாள் பிள்ளைகள் கிட்டே போனார்கள், மூன்றாம் நாள் ராக்கு கொடியில் காய்ந்த தன் வீட்டுத் துணியையும் அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டாள், அவர் உள்ளங்கையால் நீவ நீவ நெருப்பும் பெட்டியும் இல்லாமலே துணி மொடமொடவென்று ஆனது. அதற்குப் பிறகு தெருவில் யாரும் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகவில்லை. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வேட்டி அவரிடம் வந்தது, சாவு என்றால் கோடித் துணி அவரிடம் வந்தது, கோடித் துணியை மட்டும் அவர் மற்றதைவிட மெதுவாக நீவினார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பேர் தெரியாததால் பெரியவர்கள் தேய்ப்புக்காரர் என்றார்கள், பிள்ளைகள் மாமா என்றார்கள்.

"அவரு என்ன ஆளுங்க?" என்று ரேஷன் கடைக்கு வந்த மேலத் தெருக்காரர் ஒருவர் ராக்குவிடம் கேட்டார்.

"செத்த ஆளு," என்றாள் ராக்கு. "செத்தப்புறமும் வேணுமா ஒங்களுக்கு?"

கல் விழுவது நின்றுவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் சீனியம்மாளைத் தொந்தரவு செய்தது. தெருமுனையில் ஜீப்போ காரோ மோட்டார் சைக்கிளோ எது வந்தாலும் அந்த மனிதர் கையில் இருக்கிற துணியை விட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு வருவார், தன்னைப் பற்றி விசாரிக்க யாரோ வருகிறார்கள் என்பதுபோல் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிற்பார், வண்டி கடந்து போன பிறகு திரும்பி வந்து உட்காருவார். பால் வண்டிக்கும் எழுந்திருப்பார், ஐஸ் வண்டிக்கும் எழுந்திருப்பார். "உக்காருங்கண்ணே, அது உங்களுக்கு வந்ததில்ல," என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தாள்.

பங்குனிப் பொங்கல் கழிந்த ஒரு காலையில் அவள் ரிவால்வரை வயர்கூடையில் போட்டு, மேலே ஒரு சேலையை வைத்து மூடிக்கொண்டு, விலக்கு ரோட்டுப் புரோட்டாக் கடைக்குப் போனாள். தேய்ப்புக்காரர் பின்னால் வந்தார். வில்வதுரை வாசல் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இலையில் சால்னாவை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்ன சீனி, துப்பாக்கி வாங்கிட்டியாமே? எலி தொந்தரவா?" என்றான். கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். "இவருதான் ஒனக்குப் பாடிகார்டாக்கும். சட்டையில ஓட்டையோட."

அவள் கை கூடைக்குள் இருந்தது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் டிரம்மைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போது அவன் வாயில் இருந்ததை மென்றுகொண்டே தொண்டையைக் காறினான், விரலை நக்கினான், நக்கிய விரலால் பல்லிடுக்கைக் குத்தினான். அவள் அதைப் பார்த்தபடி நின்றாள், நிற்க நிற்க ராஜநாயகம் சொன்னது, கடையில் காதில் ஏறாதது, இப்போது ஏறியது. இவன் வருவான். இந்தக் காறலோடு, இந்தக் கையோடு, அவளுடைய ஒற்றை அறையில், அருள்வாணன் படத்துக்கு நேர் கீழே, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவான். அவள் அடுப்பு மூட்டும்போது பார்த்துக்கொண்டிருப்பான், களை எடுக்கப் போனால் வரப்பில் வந்து நிற்பான், பழகிய கையால் ஓங்கி ஓங்கி வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருப்பான், சாகும்வரை அவளே அவனை வீட்டில் வைத்துக் காக்க வேண்டும். மகன் இல்லாத வீட்டில் மகனைக் கொன்றவன் குடியிருப்பான்.

அவள் கையை வெளியே எடுத்துச் சேலையால் முகத்தைத் துடைத்தாள்.

"எலிதான்," என்றாள். "சுட்டா வீடு நாறும்."

வரும் வழியெல்லாம் அழுதாள். சுட முடியவில்லை என்று அழுவதாகத்தான் நினைத்துக்கொண்டு அழுதாள். வீடு வந்து சேர்ந்து, தேய்ப்புக்காரர் தன் மூலையில் போய் உட்கார்ந்து அவளுடைய ஈரச் சேலைத்தலைப்பை வாங்கி நீவத் தொடங்கியபோதுதான், அழுகைக்கு அடியில் வேறு ஒன்று இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆயுதம் எங்கேயோ ஆள் அங்கே என்றால், வாணன் எங்கே?

அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கத் துணியாமல் சில வாரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைத்துவிட்டு, ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்ப வாங்க வேண்டும் என்பது வழக்கம், அதனால் ராஜநாயகம் கடையில் ஜில்லாவின் துப்பாக்கி எல்லாம் வந்து சேர்ந்திருந்தது, துப்பாக்கியோடு ஆட்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். பெஞ்சு போதாமல் கல்யாண மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரவழைத்துப் போட்டிருந்தார். கொல்லைப்பக்கம் தோட்டக்காரர்களின் பழைய குழல் துப்பாக்கிகளோடு வந்த காட்டுப்பன்றிகள் கூட்டம் கூட்டமாகப் படுத்திருந்தன, நடுவில் ஒரு மிளா மான் மட்டும் தலையை உயர்த்தி நின்றது. கௌரவத்துக்கு வாங்கி ஒரு தடவைகூடச் சுடாத துப்பாக்கிக்காரர்கள் சிலர் தங்களோடு யாரும் வராததில் கொஞ்சம் கூச்சப்பட்டதுபோல் சீக்கிரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ராஜநாயகம் எல்லோருக்கும் பொதுவாக மின்விசிறியைத் திருப்பி வைத்தார்.

சீனியம்மாள் ரிவால்வரைக் கொடுத்தாள். தேய்ப்புக்காரர் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதலாளி, அருவாளுக்கும் இப்படித்தானா?"

ராஜநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் துப்பாக்கி வியாபாரிம்மா. அருவாளைப் பத்தி எனக்குத் தெரியாது."

ஒப்படைத்த துப்பாக்கிகளைச் சரிபார்க்க நெடியேந்தல் ஸ்டேஷனிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த வயதான ஏட்டு, டீ டம்ளரை உருட்டிக்கொண்டே அவளைப் பார்க்காமல் பேசினார்.

"எல்லாத்துக்கும் அப்படித்தாம்மா. அருவா, கத்தி, கடப்பாரை, அம்மிக்கல்லு, எதுனாலும். கேஸு சாமானை சீல் வெச்சு கோர்ட்டுல ஒரு ரூம்ல போட்டு வெச்சிருக்கோம்ல, அதைத் திறக்கவே எனக்குப் பயம். பேய்க்குப் பயப்படுறவன் இல்ல நான். கதவைத் திறந்தா அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல தலையைத் தூக்கி, நம்ம கேஸா, நம்ம கேஸான்னு பார்க்குறாங்க. உள்ள வெளிச்சம் கிடையாது. இருவது வருசமா உக்காந்திருக்கவங்க இருக்காங்க."

"எம் மகன் கேஸுல அருவா கெடைக்கலைன்னு எழுதிட்டாங்கய்யா."

"தெரியும்மா," என்றார் ஏட்டு. "அந்த ரூம்ல ஒம் மகன் இல்ல. நான் பார்த்திருக்கேன்."

மறுநாள் சீனியம்மாள் மேலத் தெருவுக்குள் போனாள். கையில் துப்பாக்கி இல்லை, கூட ஆளும் இல்லை. கட்சி வேன் வந்து நின்று மைக்கில் கத்திக்கொண்டிருந்ததால் தெருவே வாசலில் இருந்தது. அவள் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று, வாசலில் நின்ற ஆட்களின் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள், மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தாள், வைக்கோல் படப்புக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஏ சீனி, யாரைத் தேடுற?"

"எம் மகன."

யாரும் அதட்டவில்லை. யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. மைக்கில் கத்திக்கொண்டிருந்தவன் மட்டும் கத்திக்கொண்டே இருந்தான். அவளைப் பார்த்தவர்கள் தரையைப் பார்த்தார்கள், வேனைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் எதை எதையோ பார்த்தார்களே தவிர, தெரு முடிந்து தோட்டக்காடு தொடங்கும் தென்மேற்கு மூலையை ஒருவரும் பார்க்கவில்லை, கைப்பிள்ளை ஒன்று அந்தப் பக்கம் கையை நீட்டியபோது அதன் தாய் சட்டென்று கையை மடக்கினாள். சீனியம்மாள் யாரும் பார்க்காத திசையில் நடந்தாள்.

வில்வதுரையின் பம்புசெட் கிணறு தகரத்தால் மூடிக் கிடந்தது. தகரத்தின்மேல் கல் வைத்திருந்தது. மோட்டாரைக் கழற்றி வெகு நாள் ஆகியிருந்தது, வாய்க்காலில் புல் முளைத்திருந்தது, சுற்றி உள்ள வயல் எல்லாம் தரிசாகக் கிடந்தன. கிணற்று மேட்டில் வில்வதுரையின் மனைவி திலகராணி நின்றிருந்தாள், தெருவிலிருந்து குறுக்கே ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா," என்றாள்.

மேலத் தெருவில் பிறந்த ஒருத்தி சீனியம்மாளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நாந்தாங்க்கா தகரம் போட்டேன். வெயிலு நேரா விழுகுதுல்ல." அவள் தகரத்தின்மேல் இருந்த கல்லைத் தூக்கிக் கீழே வைத்தாள். "அன்னைக்கு அருவாளக் கொண்டாந்து இதுக்குள்ளதான் போட்டாரு. அடுத்த நாளு நான் தண்ணி எறைக்க வந்தா, உள்ள ஒங்க மகன் நிக்கிறாரு. தெருவுல எல்லாருக்கும் தெரியும்க்கா. முதல்ல ஒரு வாரம் யாரும் சாப்பிடல. பெறகு இந்தக் கெணத்துத் தண்ணி வேண்டாம்னு முடிவு பண்ணுனாங்க. பெறகு இந்தப் பாதை வேண்டாம்னாங்க. பெறகு பேச்சே வேண்டாம்னாங்க. பழகிப்போச்சு."

இரண்டு பேரும் சேர்ந்து தகரத்தை நகர்த்தினார்கள்.

அருள்வாணன் மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலையைக் கண்கண்ணாகத் தடவிக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு இருபத்து மூன்று வயதுதான், இந்த இரண்டு வருடத்தில் கூடவில்லை.

"வாணா."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா," என்று திலகராணி அவள் கையைப் பிடித்தாள். "பாதாளக் கரண்டி வெச்சிருக்கேன். போட்டா அருவா மாட்டிக்கிரும். எடுத்துக்கிட்டு இப்படியே ஒங்க வீட்டுக்குப் போயிருங்க. ஒங்க மகன் ஒங்களோட வந்துருவாரு. காலம் பூராவும் ஒங்களோடயே இருப்பாரு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன், எங்க தெருவுலயும் யாரும் கேக்கமாட்டாங்க."

"ஒம் புருசன்?"

திலகராணி கையை விட்டாள். "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கக்கா," என்றாள்.

சீனியம்மாள் கிணற்று விளிம்பில் உட்கார்ந்தாள். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். கயிற்றை ஒரு தடவை கையில் எடுத்தாள், சுற்றிச் சுற்றி மணிக்கட்டில் கட்டினாள், அவிழ்த்தாள். அவள் கேட்டதெல்லாம் இதைத்தானே, காலையில் எழுந்தால் அவன் முகம், அடுப்படிக்குப் பக்கத்தில் அவன், கொடியில் அவன் சட்டை, தலைக்கு எண்ணெய் வைத்துவிட அவன் தலை. சாப்பிடாவிட்டால் என்ன, பேசாவிட்டால் என்ன, உயிரோடு இருந்தபோதும் அவன் பேச்சுக்காரன் இல்லை. ஆனால் அவள் ஒரு செத்த மனிதரோடு குடியிருந்தவள், யாரும் விசாரிக்காமல் விட்ட சாவு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அது ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்கும். அரிவாளை அவள் எடுத்து ஒளித்தால் வழக்கில் அரிவாள் இல்லை, அரிவாள் இல்லாவிட்டால் வெட்டியவன் இல்லை, வெட்டியவன் இல்லாவிட்டால் வாணன் யாரும் கொல்லாமலே செத்துப்போனவன் ஆகிவிடுவான். அப்படி ஒருவனை அவள் பெறவில்லை.

அவள் குனிந்து, கிணற்றுக்குள் கேட்கும்படி, "அம்மா கூட்டிட்டுப் போகலைய்யா," என்றாள். "கோவப்படாத."

பிறகு திலகராணியிடம் செல்போனைக் கேட்டு வாங்கி வக்கீல் அம்மாவைக் கூப்பிட்டாள். திலகராணி கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று பிற்பாடு மேலத் தெருவில் அவளை எத்தனையோ பேர் கேட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் இன்ஸ்பெக்டர் வந்தார், வேண்டா வெறுப்பாக வந்தாலும் வந்தார், தேர்தல் நேரம், வெளியூர் அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராம அதிகாரி சாட்சிக்கு வந்தார், தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், கிழக்குத் தெரு முழுவதும் ராக்குவின் பின்னால் வந்து ஒரு வரப்பில் நின்றது, மேலத் தெரு முழுவதும் வந்து எதிர் வரப்பில் நின்றது, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மேலத் தெருக்காரர்கள் அந்தக் கிணற்றைப் பார்த்தார்கள். பாதாளக் கரண்டியை மூன்று தடவை இறக்கினார்கள். கொக்கியில் சேற்றோடு அரிவாள் மாட்டி மேலே ஏற ஏற, அருள்வாணன் கிணற்றுப் படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறி வந்தான், அவன் வெளியே வந்தபோது அவன் உடம்பிலிருந்து தண்ணீர் வழிந்து வாய்க்காலில் ஓடியது, வெகு நாளாகக் காய்ந்து கிடந்த வாய்க்கால் அது.

"இவரையும் மகஜர்ல எழுதணுமா சார்?" என்று கிராம அதிகாரி கேட்டார்.

"பொருளை மட்டும் எழுதுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆளுக்குச் சட்டத்துல இடம் இல்ல."

அரிவாளை வெள்ளைத் துணியில் சுற்றினார்கள், நூல் கட்டினார்கள், அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள். அதுவரை அருள்வாணன் பக்கத்தில் நின்றான். வில்வதுரையின் பெயரைச் சொல்லி எழுதியபோது மட்டும் அவன் கைகள் வலையை விட்டுவிட்டுச் சும்மா தொங்கின. பொட்டலத்தை அந்த வயதான ஏட்டு வாங்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி வரப்பில் நடந்தார், அருள்வாணன் அவர் பின்னால் நடந்தான், நிற்க முடியாது அவனால், பொட்டலம் போகிற இடத்துக்குப் போயாக வேண்டும்.

சீனியம்மாள் கூட ஓடினாள். வரப்பு ஒற்றை ஆள் நடக்கும் அகலம், அவள் வயலுக்குள் இறங்கிக் கட்டாந்தரையில் கால் இடற இடற ஓடிக்கொண்டே முந்தானையை இழுத்து அவன் தலையைத் துவட்டினாள். பின்கழுத்தைத் துவட்டினாள். காதுக்குப் பின்னால் துவட்டினாள். அவன் சின்ன வயதில் செய்வதுபோல் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தான். ஏட்டு திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, காலில் ஏதோ குத்தியதுபோல் குனிந்தார், செருப்பைக் கழற்றித் தட்டினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அதற்குப் பிறகு அவர் நடந்த நடையில் ஒரு கைப்பிள்ளைகூட அவரை முந்தியிருக்கும்.

எவ்வளவு மெதுவாக நடந்தாலும் வரப்பு முடிந்துவிட்டது. ஏட்டு ஜீப்பின் பின்சீட்டில் ஏறிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். அருள்வாணன் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். எத்தனை துவட்டியும் முடி காயவில்லை, நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். சீனியம்மாள் நனைந்த முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய்க் குனிந்தாள். இத்தனை நாளாக அவனிடம் சொல்ல என்னவெல்லாமோ சேர்த்து வைத்திருந்தாள்.

"அய்யா," என்று ஏட்டிடம் சொன்னாள், "கண்ணாடிய ஏத்திவிட்டுப் போங்க. ஈரத்தலை, காத்துப்படும்."

அவர் ஏற்றிவிட்டார்.